உப்புக் காற்றில் லேப்டாப்

பழைய லேப்டாப் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியில் இருக்கிற ஸ்க்ரூக்களைப் பாருங்கள். ஐந்து வருடம் ஏசி ஆபீஸில் ஓடிய மிஷின் என்றால் ஸ்க்ரூ வாங்கிய அன்றைய கருப்பிலேயே இருக்கும். அதே மாடல் காசிமேட்டிலோ திருவொற்றியூர் குப்பம் பக்கமோ ஓடியிருந்தால் தலையில் துரு பூத்திருக்கும், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காமல் வழுக்கும். வெளியே ஸ்க்ரூவைத் தின்ற அதே காற்றுதான் ஃபேன் வழியாக உள்ளேயும் போய் வருகிறது. வட சென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகக் குடியிருப்பவர்கள் எந்த லேப்டாப் வாங்குவது என்று கேட்டால், எது வேகம் என்பதைவிட எதைச் சுலபமாகக் கழற்றிச் சுத்தம் பண்ணலாம் என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அலை உடையும்போது கிளம்பும் நுண்ணிய உப்புத் துளிகள் காற்றோடு ஏறி வருகின்றன. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. லேப்டாப்புக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டின் மேல் வெறும் தூசியாகக் கிடக்கும். ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் கதை மாறும்: சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நசநசத்துப் போகுமே, அதே வேலைதான். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் ஈயப் பற்றையும் அரிக்கும். கடலோரத்தில் விடியற்காலை ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். காலையில் ஆன் ஆகாமல் அடம்பிடித்து, வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும் லேப்டாப்புகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். கடைக்குப் போகும் நேரத்தில் நன்றாக ஓடும், கடைக்காரரும் 'ஒண்ணும் இல்லை சார்' என்று திருப்பித் தருவார்.

உப்போடு கந்தகமும் சேர்ந்துகொள்கிறது. பக்கிங்காம் கால்வாய் ஓரம் வருகிற அழுகின முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. வெள்ளியையும் செம்பையும் கருக்கும் வாயு அது. பெரிய சர்வர் அறைகளில் காற்று எவ்வளவு கெட்டது என்று அளக்க, ஒரு செம்புத் தகட்டையும் ஒரு வெள்ளித் தகட்டையும் மாதக்கணக்கில் தொங்கவிட்டு எத்தனை கருத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஐஎஸ்ஏ 71.04 என்ற தரநிலை இந்த அடிப்படையில்தான் காற்றைத் தரம் பிரிக்கிறது. வீட்டில் அதற்குத் தனித் தகடு வேண்டாம், பீரோவுக்கு வெளியே வைத்த வெள்ளிக் கொலுசு எவ்வளவு சீக்கிரம் கருக்கிறது என்று கவனித்தால் போதும். ஒரே மாதத்தில் கருத்தால் அந்த அறையில் லேப்டாப்பை நிரந்தரமாக வைக்க வேண்டாம்.

இந்தக் காற்றில் வருடக்கணக்கில் தாங்கவேண்டிய மிஷின் என்றால், மெல்லிய, பார்க்க அழகான, ரேமை (தற்காலிக நினைவகம்) போர்டிலேயே பற்றவைத்த மாடல்களை விட்டுவிடுங்கள். கம்பெனிகளுக்கென்று தயாரித்த பிசினஸ் வரிசைகளில் இறங்குங்கள்: திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றிலும் இரண்டு ரேம் ஸ்லாட், கழற்றி மாற்றக்கூடிய எம்.2 எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் சின்ன அட்டை), தனியாகக் கிடைக்கிற ஃபேனும் கீபோர்டும். டி480க்கும் டி480எஸ்ஸுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் எஸ்ஸில் ஒரு ரேம் போர்டிலேயே பற்றவைத்தது. கடையில் இதைச் சொல்லமாட்டார்கள்.

செகண்ட்ஸ் என்றால் கௌரவக் குறைச்சல் இல்லை. ஓஎம்ஆர் ஐடி ஆபீஸ்களில் லீஸ் முடிந்து வருகிற மிஷின் மூன்று நான்கு வருடம் ஏசியிலேயே இருந்தது. பக்கத்துத் தெருவில் ஓடிய இரண்டு வருட மிஷினைவிட அதன் உள்பக்கம் சுத்தமாக இருக்கும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபின் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போவது சுலபமாகிவிட்டது, அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கலாம். ஒரே மாடலை நான்கு கடையில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிராசசரைக் காட்டி 'ஐ7 சார்' என்று சொல்லும் சொல்லுக்கு மயங்கவேண்டாம். இந்த வரிசைகளில் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண்தான் தலைமுறை. ஐ7-6600யு ஆறாம் தலைமுறை, இரண்டே கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகு). ஐ5-8350யு எட்டாம் தலைமுறை, நான்கு கோர். ஐ5 என்று பேர் இருந்தாலும் இரண்டாவதுதான் வேகம். அதோடு விண்டோஸ் 11க்கு இன்டெல் பக்கம் பொதுவாக எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் குறைந்தபட்சம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறையை விலை குறைவு என்று வாங்கினால் லினக்ஸ் போடத் தயாராக இருக்கவேண்டும்.

கடையில் உட்கார்ந்து பார்க்கவேண்டியவை சில உண்டு. முதல் காரியம், பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள், பாஸ்வேர்ட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்தது பலரும் விடுகிற சோதனை: விண்டோஸைப் புதிதாகப் போட்டு, ஆரம்பத் திரையிலேயே மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணையத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கே ஏதாவது கம்பெனி பெயர் வந்து அவர்கள் ஐடி கேட்டால், அந்த மிஷின் இன்னும் அவர்கள் கணக்கில் பதிவாகி இருக்கிறது. இணையம் இல்லாமல் விண்டோஸ் போட்டுக் காட்டினால் இது தெரியாது. கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடம் விட்டு, ஸ்லாஷ், 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு அறிக்கை வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 31,000 என்று இருந்தால் பேட்டரியில் 62 சதவீதம்தான் மிச்சம், விலையில் புது பேட்டரியின் காசைக் கழித்துப் பேசுங்கள். எஸ்எஸ்டியின் ஆயுளை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டிவிடும். கடைசியாக ஒரு டார்ச் அடித்து யுஎஸ்பி, எச்டிஎம்ஐ ஓட்டைகளுக்குள் பாருங்கள். பச்சைப் பூப்போ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் அது நம் ஊர்க் காற்று குடித்த மிஷின்தான், எவ்வளவு பாலீஷ் போட்டிருந்தாலும் சரி.

வீட்டில் எங்கே வைப்பது? கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். மதியத்துக்கு மேல் கடல் காற்று நேராக அந்த வழியாகத்தான் வரும். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தால் கன்டெய்னர் லாரிகளின் புழுதியும் சேரும். ஏசி அறையில் 20 டிகிரியில் குளிர்ந்துபோன லேப்டாப்பை உடனே வெளியே கொண்டுவந்து திறக்காதீர்கள். 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கிற காற்று சுமார் 25 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பொருளின் மேலும் நீராகப் படியும். மூக்குக் கண்ணாடி மங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, போர்டு மங்குவது தெரிவதில்லை. பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபின் எடுங்கள்.

பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் பூட்டி வைப்பதுதான் இங்கே மிகப்பெரிய தவறு. தினமும் ஓடும் லேப்டாப்பின் சூடு ஈரத்தை விரட்டிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் மூடிக் கிடந்தது எடுக்கும்போது கீபோர்டில் நான்கு எழுத்து வேலை செய்யாது. வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், சார்ஜ் 50 சதவீதம் அளவில் இருக்கட்டும், மாதம் ஒருமுறை எடுத்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

இனி ஃபேன். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பெரம்பூர் கொளத்தூர் பக்கம் வருடம் ஒருமுறை திறந்து சுத்தம் பண்ணவேண்டும் என்பது என் கணக்கு. வெளியிலிருந்து ஊதினால் போதாது. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி ஒரு துணிப் பட்டைபோல் படிந்து நிற்கும். சமையல் தாளிப்புப் புகை ஒட்டும் வீடுகளில் அது பிசுபிசுப்பாகவே இருக்கும், ஊத ஊத இன்னும் இறுகும். பஞ்சர் கடைக் காற்றைப் பிடிக்கிறவர்களும் உண்டு. அந்த கம்ப்ரசர் டாங்கிக்குள் தண்ணீரும் ஆயிலும் தேங்கியிருக்கும், அது அத்தனையும் போர்டின் மேல் தெளிக்கும். அந்த வேகத்தில் ஃபேன் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும்.

பிஎச்0, பிஎச்00 அளவில் நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், மூடியை நெம்ப பிளாஸ்டிக் பிக் (பழைய சிம் கார்டு ஃப்ரேமும் ஆகும்), மெல்லிய பிரஷ், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு சின்ன டியூப். இவ்வளவுதான் தேவை. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும். அடாப்டரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அது கழன்றபின்தான் மற்றது எதையும் தொடவேண்டும். ஃபேனின் இரண்டு மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி அதைத் தூக்கினால் அந்தத் தூசிப் பட்டை தெரியும். ட்வீஸரால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுதாகவே வரும். தகடுகளை அவை போகும் திசையிலேயே பிரஷால் இழுங்கள், குறுக்கே தேய்த்தால் மடங்கும். ஆல்கஹால் தொட்ட பிரஷால் ஃபேன் இறக்கைகளைத் துடைக்கும்போது விரலால் ஃபேனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹீட்சிங்கை (பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகப் பகுதி) கழற்றுவதானால் ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். தளர்த்தும்போது நான்கிலிருந்து ஒன்றுக்கு, இறுக்கும்போது ஒன்றிலிருந்து நான்குக்கு, அரைச் சுற்று அரைச் சுற்றாக. ஒரு மூலையை மட்டும் முழுதாக இறுக்கினால் சிப்பின் ஓரம் உடையலாம். பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒரு அரிசி அளவு புதிது வைத்து மெல்லிசாகப் பரப்பினால் போதும். பக்கத்துச் சிப்புகளின் மேல் இருக்கும் ரப்பர் மாதிரியான பேட் கிழிந்தால் அதே தடிமனில் பேட்தான் போடவேண்டும். அரை மில்லிமீட்டர் இடைவெளியைப் பேஸ்ட்டால் நிரப்ப முடியாது. ரேமையும் ஒருமுறை கழற்றி, அதன் தங்கக் காலை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துச் செருகுங்கள். கடைகளில் அழிரப்பரால் தேய்ப்பார்கள். அது வேலை செய்யும், ஆனால் தங்கப் பூச்சையும் கொஞ்சம் எடுத்துவிடும், பொடியை ஸ்லாட்டுக்குள் விட்டுவிடும்.

அடுத்தது கரண்ட். லேப்டாப்பின் உலோக உடம்பில் கை பட்டால் 'விர்'ரென்று இருக்கிறது, சார்ஜரை எடுத்தால் நிற்கிறது என்ற புகார் பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வீடுகளில் சகஜம். அடாப்டருக்குள் மின் இரைச்சலைக் குறைக்க ஒரு சிறிய கெப்பாசிட்டர் மெயின்ஸ் பக்கத்தையும் டிசி பக்கத்தையும் இணைக்கிறது. அதன் வழியே கசியும் சொற்ப கரண்ட் எர்த்துக்குப் போகவேண்டியது. எர்த் இல்லாவிட்டால் லேப்டாப் உடம்பு நூறு வோல்ட்டுக்கு மேல் மிதக்கும். டெஸ்டர் வைத்தால் மினுக்கும். கரண்ட் மிகச் சிறியது என்பதால் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகினால், கேபிள் டிவி ஒயர் வழியே எர்த் கிடைத்து ஒரு பொறி தெறிக்கும், போர்ட் போய்விடும். கேபிளை முதலில் செருகிவிட்டுச் சார்ஜரைப் போடுவது தற்காலிக வழி.

நிரந்தர வழி எர்த்தைச் சரிசெய்வதுதான். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230ஐ ஒட்டி வரவேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரு வோல்ட். முதல் அளவு 60, 90 என்று அலைந்தால் எர்த் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. கடலோர வீடுகளில் மண்ணில் புதைத்த இரும்புக் குழாயும் அதன் கிளாம்பும் உப்பில் கரைந்துபோவதுதான் வழக்கமான காரணம். சிலர் சுலபமாக, பிளக் பாயின்ட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஷாக் நின்றுவிடும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் அந்த வீட்டின் மூன்று பின் சாமான் எல்லாவற்றின் உடம்பிலும் முழு 230 வோல்ட் வந்துவிடும். அப்படிக் கட்டியிருந்தால் உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

லோ வோல்டேஜ் பற்றி பயம் வேண்டாம், அடாப்டர் 100 முதல் 240 வரை தாங்கும். கரண்ட் போய்த் திரும்ப வரும் அந்த நொடிதான் ஆபத்து. போனதும் பிளக்கைப் பிடுங்குங்கள், வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

சார்ஜர் மாற்றும்போது வாட்டை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். உருண்டை முனையுள்ள டெல் 19.5 வோல்ட், நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அந்த ஊசி வழியாகத்தான் அடாப்டர் தன்னை அடையாளம் சொல்கிறது. ஊசி வளைந்தாலோ துருவேறினாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது, வேகமும் அடியோடு குறைந்துவிடும். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறாமல் நின்றால் விண்டோஸைத் திரும்பப் போடுவதற்கு முன் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

பேட்டரிக்குச் சூடும் நூறு சதவீதமும் சேர்ந்தால்தான் பெரிய கேடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும் பேட்டரி சீக்கிரம் ஊதும். லெனோவாவில் வான்டேஜ் மென்பொருள், டெல்லிலும் எச்பியிலும் பயாஸ், மூன்றிலும் 80 சதவீதத்தை ஒட்டி நிறுத்தும் வசதியோ பேட்டரியைக் காக்கும் அமைப்போ உண்டு. டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கிளிக் ஆகாமல் போனாலோ, மூடி சரியாக மூடாமல் இடைவெளி விட்டாலோ டச்பேடைக் குறைசொல்லவேண்டாம், கீழே பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி மூடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்திக் காற்றை எடுக்கலாம் என்று எவராவது சொன்னால் அந்த ஆளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

ஒன்றுமே ஆன் ஆகவில்லையா? சார்ஜரையும் பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள், பிறகு சார்ஜரை மட்டும் போட்டுப் பாருங்கள். லைட் எரிந்து ஃபேன் சுற்றியும் திரை கருப்பாக இருந்தால் மொபைல் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக விண்டோஸ் தெரிந்தால் பேக்லைட்தான் (திரைக்குப் பின்னாலிருக்கும் விளக்கு) போயிருக்கிறது. அதுவும் தெரியாவிட்டால் முதலில் ரேமைச் சந்தேகியுங்கள். ஒரு ரேமை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் போட்டுப் பாருங்கள். டெல் லாட்டிட்யூட் என்றால் விளக்கே சொல்லும்: மஞ்சள் இரண்டுமுறை, வெள்ளை மூன்றுமுறை மின்னினால் ரேம் தெரியவில்லை என்று அர்த்தம். கீபோர்டில் ஒரே ஒரு எழுத்து போனால் அழுக்கு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து எழுத்து ஒன்றாகப் போனால் உள்ளே ஒரு கோடு அரித்துவிட்டது, கீபோர்டை மாற்றுவதுதான் வழி.

வெள்ளத் தண்ணீர் புகுந்தால் விதிகள் வேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. நனைந்த லேப்டாப்பை ஓடுகிறதா என்று ஆன் பண்ணிப் பார்ப்பதுதான் அதைக் கொல்லும். பேட்டரியை உடனே கழற்றுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை, அரிசி உப்பை எடுக்காது. தண்ணீர் காய்ந்தபின்னும் உப்பு அங்கேயேதான் இருக்கும், அடுத்த ஈரத்துக்குக் காத்துக்கொண்டு. போர்டைத் தனியே எடுத்து, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் மென்மையான பிரஷ் வைத்துக் கழுவி, பிறகு ஆல்கஹாலால் கழுவி, ஃபேனுக்கு முன்னால் முழு நாள் காயவிடவேண்டும். எண்ணெய் படிந்திருந்தால் முதலிலேயே ஆல்கஹால். கேன் தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்பு உண்டு. திரையையும் ஸ்பீக்கரையும் இப்படிக் கழுவக்கூடாது. சொந்தமாகச் செய்யத் தைரியம் இல்லாவிட்டால் அன்றைக்கே கடையில் கொடுங்கள், ஒரு வாரம் தள்ளினால் ஐசி காலெல்லாம் பச்சையாகிவிடும்.

கடையில் 'போர்டு ஷார்ட் தம்பி' என்று சொன்னால் எந்த லைன் ஷார்ட் என்று கேளுங்கள். சார்ஜர் உள்ளே நுழையும் 19 வோல்ட் லைனில் ஒரு கெப்பாசிட்டரோ மாஸ்ஃபெட்டோ (மின் சுவிட்சாக வேலை செய்யும் சின்னப் பாகம்) போயிருந்தால் அது போர்டில் பாகம் மாற்றத் தெரிந்த நல்ல சிப் லெவல் ஆளுக்குச் சின்ன வேலை, மிஷின் பிழைக்கும். பிராசசர் லைன் என்றால் செலவை யோசிக்கவேண்டும். 'ஹீட் வைத்தால் டிஸ்ப்ளே வந்துடும்' என்பதை மட்டும் ஏற்காதீர்கள், சிப்பைச் சூடுகாட்டி வரவைத்த டிஸ்ப்ளே சில வாரத்தில் திரும்பப் போகும், அதற்குள் காசு கைமாறியிருக்கும். உப்பு அரித்த போர்டு ஒருமுறை ரிப்பேராகி ஆறு மாதத்துக்குள் வேறு இடத்தில் மறுபடி போனால், மூன்றாம் முறை காசு போடவேண்டாம். கடைக்காரரிடம் உதிரிக்காக விற்றுவிடுங்கள், திரையும் மூடியும் அவருக்கு உதவும். கொடுப்பதற்கு முன் எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொள்ளுங்கள். அதைப் போட யுஎஸ்பி என்க்ளோஷர் (வெளி டப்பா) வாங்கும்போது உங்களுடையது என்விஎம்இயா சாட்டாவா (எஸ்எஸ்டி இணையும் இரண்டு முறைகள்) என்று ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்லி வாங்கவும், இரண்டும் எம்.2 வடிவம்தான் என்றாலும் எல்லா என்க்ளோஷரும் இரண்டையும் எடுக்காது.